பெரும்பொழுதும் உண்டிச்சாலையும்

கல்லூரி மாணவர் எழுதத்தக்க பொருள்கள் எத்தனையோ இருக்க, உண்டிச்சாலைகளைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையோ என எம் ஆசிரியருள் ஒருவர் நகைத்தனர். விடுதிச் சோற்றில் வெறுப்புற்ற இளைஞரின் நாவாசையே இது என்றும் அவர் கூறினர். அக்கூற்றில் ஒரு பாதி உண்மை என்பதை யாம் மறுக்கவில்லை. மற்றைப் பாதிக்குத் தொல்காப்பியனார் எமக்குத் துணை. ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணத் தொடங்கிய அவர், தெய்வத்தை முதலில் வைத்து, அதற்கு அடுத்த இடத்தை உணவிற்கே அளித்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் அதன் பின்னரே வருகின்றன. தெய்வத்திற்கு அடுத்து நிற்கும் ஒன்றைக் குறித்துச் சில பக்கங்கள் எழுதுவது இம்மலருக்கு இழுக்காகாது என நம்புகின்றோம்.

யாம் என்றது தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் நால்வரை. சென்ற ஆண்டு ஆடி தொடங்கி இவ்வாண்டு ஆனி வரை, சனிக்கிழமைகளிற் பொழுதும் பொருளும் வாய்த்த போதெல்லாம் தாம்பரத்தில் மின்வண்டி ஏறிச் செங்கற்பட்டில் இறங்கினோம். அங்கே காலையுணவு கொண்டு, பேருந்து ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று நண்பகலுணவு கொண்டோம். உண்டதையும் கொடுத்த விலையையும் அன்றைய மழை வெயிலையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். கடைகளின் பெயர்களை ஈண்டு எழுதாது விடுகின்றோம். மாணவர் நால்வரின் நாவை நம்பி ஒரு கடையின் ஏற்றமும் இறக்கமும் அமைதல் நன்றன்று. எம்முள் ஒருவர் எதையும் சுவையாக உள்ளது என்பவர். மற்றொருவர் எதையும் அவ்வாறு சொல்லாதவர்.

செங்கற்பட்டிற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு தலைப்பில் கொளவாய் ஏரியும் வயல்களும். மற்றொரு தலைப்பில் பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் மணலும் கடலும். மருதத்திற் பசியாறி நெய்தலில் மீண்டும் பசிப்பதற்கு இதனினும் ஏற்ற வழி வேறில்லை. இவ்விரு நிலத்திற்கும் இலக்கணத்தில் ஒரு தனிநிலை உண்டு. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் எனப் பெரும்பொழுது வகுத்த தொல்காப்பியனார், மருதத்திற்கும் நெய்தலுக்கும் சிறுபொழுதுகளை மட்டும் கூறி மேலே சென்றார். ஆதலின் இவ்விரண்டிற்கும் ஆறு பெரும்பொழுதுகளும் உரியன என உரையாசிரியர் கொண்டனர். வகுப்பில் இதனைக் கேட்ட அன்று, 'மருதம், நெய்தல்: ஆண்டு முழுதும் ஒன்றே' என்று ஏட்டின் ஓரத்திற் சுருக்கமாக எழுதிக்கொண்டோம். தேர்விற்கு அச்சுருக்கம் போதும். ஆயின் உண்டு பார்த்தபோது அது முழுப்பிழை என்று கண்டோம். ஆறு பொழுதும் ஒரு நிலத்திற்கு உரியன என்றால், அந்நிலம் ஆறு முறை தன் உணவை மாற்றுகின்றது என்பதே பொருள்.

முதலிற் செங்கற்பட்டை எடுத்துக்கொள்வோம். புகைவண்டி நிலையத்திற்கு அணித்தாக இரண்டு சைவ உண்டிச்சாலைகளில் யாம் மாறி மாறி உண்டோம். ஒன்று பெரியது, குளிரூட்டிய அறை உடையது, விலைப்பலகை ஒரு சுவரை முழுதும் அடைத்துக்கொண்டிருக்கும். மற்றொன்று ஒரு குடும்பத்தார் நடத்துவது. நான்கு நீண்ட மேசைகளும் ஒரு கரும்பலகையும் அதன் உடைமை. இரண்டிலும் ஒரே நாளிற் சோறு உண்டு ஒப்பிட்டால், பெரும்பாலும் பெரிய கடையே வெல்லும். அங்குச் சோறு என்றும் வெள்ளை வெளேரென உதிரியாக இருக்கும். ஆடியிலும் தையிலும் சித்திரையிலும் அச்சோற்றில் யாதொரு வேறுபாடும் இல்லை. சிறிய கடையிலோ மாசியிற் சோறு குழைந்து ஒட்டியது. எம்முள் எதையும் பழிப்பவர் அதனைக் களி என்றே எழுதிவிட்டார்.

இதன் காரணத்தை வயலிற் காணவேண்டும். இப்பக்கத்தில் நெல்லுக்குப் பருவம் மூன்று. சித்திரை, வைகாசியில் விதைத்து ஆடி, ஆவணியில் அறுப்பது சொர்ணவாரி. மழையை நம்பி விளைந்து தையில் அறுவடையாவது சம்பா. மார்கழி, தையில் நட்டுக் கோடைத் தொடக்கத்தில் அறுப்பது நவரை. அறுத்த நெல்லை உடனே அரிசியாக்கிச் சமைத்தால் அது நீரைக் குறைவாக ஏற்று விரைவிற் குழையும். ஓராண்டு பழகிய அரிசி நீரை மிகுதியாக உண்டு, பருத்து, ஒன்றோடொன்று ஒட்டாது நிற்கும். ஆதலாற் புத்தரிசி சாப்பாட்டிற்கு ஆகாது, பொங்கலுக்கே ஆகும். சிறிய கடையார் அருகிலுள்ள ஆலையில் உள்ளூர் அரிசியே வாங்குகின்றனர். பழைய இருப்புத் தீர்ந்தால் புதியது வந்துவிடும். மாசியிற் களி என்று யாம் பழித்த அதே வாரத்தில், அவர் கடையில் விடியற்காலையில் உண்ட வெண்பொங்கல் எம் குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுதும் பிடித்துக்கொண்டது. மிளகும் நெய்யும் எல்லாக் கடையிலும் உண்டு. அரிசி தானே கரைந்து நெய்யோடு கூடும் அந்நிலை பெரிய கடையின் பழைய அரிசிக்கு வாய்க்கவில்லை. அக்குறையை மறைக்க அங்கு நெய்யை மேலே ஊற்றுகின்றனர்.

இட்டலியின் வழக்கும் இத்தகையதே. அரைத்து வைத்த மாவிற் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் பெருகிக் காற்றை உண்டாக்குவதால் மாவு பொங்குகின்றது. அவ்வுயிர்களுக்கு வெப்பம் வேண்டும். சித்திரையில் ஐந்தாறு மணி நேரத்தில் மாவு பொங்கிப் புளித்தும் விடும். மார்கழியில் இரவு முழுதும் வைத்தாலும் எழாது. சிறிய கடையார் மார்கழியில் மாவுப் பானையை அடுப்பங்கரையிற் சாக்குச் சுற்றி வைப்பதைக் கண்டோம். அங்ஙனம் வைத்தும் இட்டலி சற்றுக் கனமாகவே இருந்தது. பெரிய கடையின் மார்கழி இட்டலி பஞ்சு போன்றிருந்தது. ஆயின் நாவின் நுனியில் ஒரு காரச்சுவை நின்றது. சமையற் சோடாவின் துணையை நாடினர் என்பதை அறிய வேதியியல் வகுப்பிற்குச் செல்ல வேண்டியதில்லை. இதற்காக அவரைக் குறை கூறுவதும் எளிதன்று. மாவு எழவில்லை என்பதற்காக மின்வண்டிக்கு விரைபவர் காத்திருப்பரோ?

காய்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. பெரிய கடையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பீன்சும் ஆண்டு முழுதும் சுழன்று வந்தன. சிறிய கடையின் கரும்பலகையில் மார்கழி, தையில் மொச்சையும் அவரையும், பங்குனியில் முருங்கையும் மாங்காய்ப் பச்சடியும் வந்தன. ஐப்பசி மழையில் நான்கு வாரம் தொடர்ந்து பூசணிக்காய் வந்ததையும் ஒளிக்காது சொல்லவேண்டும். பருவத்திற்கு அடங்கி உண்பவன் பூசணிக்காய்க்கும் அடங்கவேண்டும்.

இனி நெய்தல். மாமல்லபுரத்தில் அயல்நாட்டாரும் நகரத்தாரும் கூடும் ஒத்தவாடைத் தெருவில், உண்டிச்சாலைகளின் வாயிலில் பனிக்கட்டி பரப்பிய தட்டில் மீனை அடுக்கி வைத்திருப்பர். வேண்டியதைச் சுட்டினால் நிறுத்து விலை கூறிச் சுட்டோ பொரித்தோ தருவர். கண்ணுக்கு நேரே கிடக்கும் மீனைத் தெரிந்து உண்பது நல்ல வழக்கமே. வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் இறாலும் கணவாயும் சிங்கி இறாலும் ஒருங்கே கிடக்கும் அத்தட்டைக் கண்ட முதல் நாள், கடல் முழுதும் எமக்காகவே கரையேறி வந்தது போலத் தோன்றியது. ஆடியில் யாம் கண்ட தட்டும் கார்த்திகையிற் கண்ட தட்டும் வைகாசியிற் கண்ட தட்டும் ஒன்றாகவே இருந்தபோது தான் ஐயம் எழுந்தது.

அவ்வையத்தைத் தீர்க்கச் சில செய்திகளை அறிந்துகொண்டோம். மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருக்க அரசினர் தடை விதிக்கின்றனர். தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாட்களாக நீண்டது. கீழைக்கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய. மேலைக்கடலிலோ ஜூன் 1 முதல் ஜூலை 31 முடிய. ஆதலால் இங்கே தடை தொடங்கிய பின்னரும் மே இறுதி வரை கேரளம், கருநாடகம் முதலிய மேலைக்கரையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டிகளில் மீன் வந்துகொண்டிருக்கும். ஆயின் ஜூன் முதற் பதினான்கு நாட்களில் இரு கடலும் ஒருங்கே அடைபட்டிருக்கும். அப்பதினான்கு நாட்களில் வாயிற்றட்டில் ஒரு பெரிய வஞ்சிரம் கிடந்தால், அது சிறு படகினர் வலையில் அகப்பட்டதாகவோ உறைபெட்டியில் நெடுநாள் கிடந்ததாகவோ இருத்தல் வேண்டும். சிறு படகுகளுக்கு இத்தடை இல்லை. மாமல்லபுரத்தைச் சூழ்ந்த குப்பங்களில் மிகுதியும் உள்ளவை அத்தகைய கண்ணாடியிழைப் படகுகளே.

இறாலின் கதை வேறு. ஆண்டு முழுதும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் ஒரே அளவான இறாலிற் பெரும்பகுதி கடலிற் பிடித்ததன்று, குளங்களில் வளர்த்தது. வன்னாமெய் என்னும் அவ்வினம் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைக்கு உரியது. நம் நாட்டில் அதனை வளர்க்க 2009இல் இசைவளித்தனர். வளர்ப்பு மீனை இழிவென்று தள்ளுதல் எம் கருத்தன்று. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கொடுவாவையும் மடவையையும் பால்மீனையும் குறித்து ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியாற் பயன் பெற்றோர் பலர். ஆயினும் பசிபிக் கரையினத்தைக் குளத்தில் வளர்த்து, 'இன்று கடலில் வந்தது' என்று சொல்லி இலையில் இடும்போது, அந்தச் சொல்லுக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றோம் என்பதை அறிதல் நன்று.

இவற்றையெல்லாம் யாம் தாமாகக் கற்றிலோம். கற்பித்தவர் ஓர் அக்கையார். மாமல்லபுரத்திற்கு வடக்கே ஒரு குப்பத்தின் ஓரத்திற் கீற்றுக் கொட்டகை இட்டுச் சோறு விற்பவர். அவரிடம் யாம் செய்த பிழையைச் சொல்லாது இக்கட்டுரை நிறைவுறாது.

ஐப்பசித் திங்களில் ஊரிலிருந்து வந்த உறவினர் இருவரை உடன் அழைத்துச் சென்றோம். கடல் மீன் உண்ணவேண்டும் என்பது அவர் ஆசை. கொட்டகையில் அமர்ந்து என்ன மீன் என்று கேட்டோம். "மீன் இல்லை தம்பி, கருவாட்டுக் குழம்புதான் இருக்கு" என்றார் அக்கையார். உறவினர் முகம் வாடியது. எமக்கு மானம் போயிற்று. கடலோரத்திற் கடை வைத்துக்கொண்டு கருவாடா விற்பது என்று எம்முள் ஒருவர் அனைவரும் கேட்கும்படி கூறினார், மற்றையோர் நகைத்தோம். எழுந்து நகருக்குட் சென்று, ஒரு வாரத்துச் செலவுப் பணத்தைக் கொடுத்து வஞ்சிரம் உண்டோம். அது பஞ்சு போல் இருந்தது. மீன் அவ்வாறு இருத்தல் ஆகாது என்பதை அன்று அறியோம். குறிப்பேட்டில் 'மீனில்லாக் கடற்கரைக் கடை' என்று எழுதி அடிக்கோடும் இட்டோம்.

தையிற் சிறுபாணாற்றுப்படை எமக்குப் பாடமாயிற்று. நத்தத்தனார் பாடிய அந்நூல் நல்லியக்கோடனது ஓய்மாநாட்டிற்குப் பாணனை வழிப்படுத்துவது. உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையோ காஞ்சியிலிருந்த இளந்திரையனிடம் வழிப்படுத்துவது. ஒன்று செங்கற்பட்டிற்குத் தெற்கே திண்டிவனப் பக்கத்து நாடு. மற்றொன்று மேற்கே உள்ள தொண்டை நாடு. வழியில் எவ்வூரில் எவர் மனையில் எது கிடைக்கும் எனச் சொல்லிச் செல்வதால், இவற்றை நம் பக்கத்து உண்டிச்சாலை வழிகாட்டிகள் என்றே யாம் கொள்வோம். உழவர் ஊரில் வெண்ணெற் சோறும் கோழி வாட்டலும். எயினர் குடியில் உப்பிட்டு உலர்த்திய ஊன். அந்தணர் மனையில் வெண்ணெயும் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிய மாதுளங்காயும் மாவடுவும். ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு. கோழியை எயினர் குடியில் எதிர்பார் என்றும், மாவடுவைக் கடற்கரையிற் கேள் என்றும் புலவர் எங்கும் சொல்லவில்லை. இவ்வளவும் எம் கருத்திற்கு இசைவாகவே இருக்க, மகிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். எயிற்பட்டினத்துப் பரதவர் மனை வந்தது. அக்கடற்கரையிற் பாணனுக்குக் கிடைப்பது யாது? பழந்தேறலும், சுட்ட குழல் மீனும். என்ன குழல் மீன்? உலர்ந்த குழல் மீன். கருவாடு!

பாணன் முகம் சுளித்ததாகவோ எழுந்து சென்றதாகவோ நூலில் இல்லை. ஆசிரியர் அவ்வடியைக் கடந்து நெடுந்தொலைவு சென்ற பின்னரும் யாம் நால்வரும் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை அக்கொட்டகைக்குச் சென்றோம். அன்றும் கருவாடுதான், மொச்சையும் கத்தரிக்காயும் இட்ட குழம்பு. மொச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். செங்கற்பட்டுச் சந்தையிலிருந்து என்றார். வயல் நாட்டின் பனிக்காலக் காயும் கடலோரத்தின் வெயிற்கால மீனும் ஒரு சட்டியிற் கூடுவதை அன்று முதன்முறை உணர்ந்து உண்டோம். வெயிற்கால மீன் என்றது ஏனெனில், பங்குனி முதல் ஆனி வரை நெத்திலியும் காரப்பொடியும் மலிந்த நாட்களில், விற்றது போக மிஞ்சியதை உப்பிட்டு மணலில் உலர்த்தி வைப்பர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடைக்காற்று எழுந்து அலை மடியும்போது படகு இறங்காது. புயல் எச்சரிக்கை வந்தால் நாட்கணக்கிற் படகைக் கரையேற்றி வைக்கவேண்டும். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. அதற்கு முன்னும் பின்னும் அடுப்பில் ஏறியது கருவாடு ஒன்றே என்றார் அக்கையார். யாம் அவரை இகழ்ந்த ஐப்பசி நாளில், கடலில் ஆறு நாளாகப் படகு இறங்கியிருக்கவில்லை. அவர் உண்மையைச் சொன்னார். நகரத்துக் கடை சொல்லவில்லை. உண்மைக்கு நகைப்பையும் மற்றதற்குப் பணத்தையும் கொடுத்துவந்தோம்.

இகழ்ந்து பேசியவரே மன்னிப்பும் வேண்டினார். அக்கையாருக்கு எம் முகங்கள் நினைவில் இல்லை. "அப்படிச் சொல்லிட்டுப் போறவங்க வாரத்துக்கு நாலு பேர், தம்பி. யாரை நினைவு வைக்கிறது" என்று சொல்லி இன்னும் சிறிது குழம்பு ஊற்றினார். அவர் வைது இருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன் பின் அக்கொட்டகைக்கே மிகுதியும் சென்றோம். மாசியிற் புதுப்புளி வந்ததும் குழம்பின் நிறம் வெளுத்ததைக் குறித்தோம். பங்குனியில் ஒரு நாள் கிழங்கான் பொரித்துத் தந்தார். விரல் நீளமே உள்ள அம்மீனுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் அன்றி வேறொன்றும் வேண்டியதில்லை. சித்திரையில் நெத்திலியோடு பச்சை மாங்காய் இட்ட குழம்பு. புளியின் அளவைக் குறைத்து மாங்காய்க்கு இடம் விடவேண்டும், மாங்காயைக் கடைசியில் இடவேண்டும், இன்றேற் கரைந்துவிடும். நால்வரும் ஒருமித்து ஒன்றைப் புகழ்ந்தது எம் குறிப்பேட்டில் அந்த ஒரு நாளே. வெளியே ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். ஒத்தவாடைத் தெருவின் எப்பலகையிலும் நுங்கு இல்லை என்பது அப்போது நினைவிற்கு வந்தது.

ஜூன் முதல் வாரத்தில், அஃதாவது இரு கடலும் அடைபட்ட நாட்களில், மீண்டும் சென்றோம். கொட்டகையின் முகப்பில் ஒரு புதிய பலகை, வண்ணப்படங்களோடு தொங்கியது. வஞ்சிரம், இறால், கணவாய், நண்டு, சிங்கி இறால் எனப் பன்னிரண்டு வகை. உள்ளே தவணைக் கடனில் வாங்கிய ஓர் உறைபெட்டி முழங்கிக்கொண்டிருந்தது. யாம் யாதும் வினவுமுன் அவரே கூறினார். காரில் வருபவர் வஞ்சிரம் உண்டா என்றே கேட்கின்றனர். இல்லை என்றால் வண்டியை விட்டு இறங்குவதும் இல்லை. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துள்ளது. இம்மாதம் பணம் கட்டவேண்டும். பெட்டி மீன் சென்னையிலிருந்து வருகின்றது. அதைத் தாம் உண்பதில்லை என்றும் சொன்னார்.

யாம் என்ன கூறுவது? அப்பலகையை எழுதுவித்தவருள் யாமும் நால்வர். பெண்ணின் கல்லூரிப் பணத்திற்கு முன்னே, பருவம் தவறாத அடுப்பைப் பற்றிப் பேச நா எழவில்லை. அப்பெண் சேரும் பாடம் யாது என்று கேட்டோம். கணக்குப் பதிவியல் என்றார். பின்னர் எம்முள் எதையும் பழிப்பவர், "அக்கா, காலையில் படகில் என்ன வந்தது?" என்று மெல்ல வினவினார். அவர் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்து, "காரப்பொடி வந்தது, முள் அதிகம், நீங்க தின்பீங்களா?" என்றார்.

நால்வரும் காரப்பொடிக் குழம்பு உண்டோம். உண்டு முடிக்க நெடுநேரம் ஆயிற்று. ஒருவருக்கு 100 ரூபாய் வாங்கினார். அப்பலகையின் பன்னிரண்டு வகையுள் அது இல்லை.